போன் பேச ஒரு வயர்லெஸ் ஹெட்செட்: வடசென்னை வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் கடை தண்டையார்பேட்டையில், டி.எச். ரோடு பக்கம். வருபவர்களில் பாதிப் பேர் பாட்டுக்காக ஹெட்செட் கேட்பதில்லை, பேசத்தான் கேட்கிறார்கள். ஹார்பர் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ் பையன்கள், டிரெய்லர் ஓட்டுநர்கள், காசிமேட்டு மீன் வியாபாரிகள், வீட்டிலிருந்தே கஸ்டமர் கேர் வேலை பார்க்கும் பெண்கள் என்று எல்லாருக்கும் நாள் முழுக்கப் பேச்சுதான் பிழைப்பு. கூட்ட நேரத்தில் கவுன்டரில் நின்று விளக்க முடியாததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறோம்.

போன் பேச மட்டும்தான் வேண்டும். 1,500 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

முதலில் மைக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பேஸ், 13 மி.மீ. டிரைவர், 40 மணி நேரம் இதெல்லாம் அப்புறம்.

ஹெட்செட் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது மாட்டியிருப்பவருக்குத் தெரியாது. எதிர்முனையில் கேட்பவருக்குத்தான் தெரியும். நமக்கு அவர் குரல் கணீரென்று கேட்கும், அவருக்கோ நாம் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டுக்கொண்டிருக்கும். "சொல்லுங்க... சொல்லுங்க... கேக்கல" என்று அவர் கத்தும்போதுதான் நமக்கே உறைக்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். காதில் செருகும் பட்ஸில் மைக் வாயிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. தள்ளி இருக்கிறது. வாய்ப்பக்கம் நீளும் கம்பி மைக் 3 செ.மீ.யில் இருக்கிறது. அதாவது 12 டெசிபல் வித்தியாசம். தெருச் சத்தம் இரண்டு மைக்கிலும் ஒரே அளவில்தான் விழும், உங்கள் குரல்தான் ஒன்றில் சின்னதாகிப்போகிறது. அப்புறம் எத்தனை நல்ல சிப் வைத்தாலும் அது இந்த இழப்பை ஒட்டுப்போடும் வேலைதான் செய்கிறது.

இந்தக் கணக்கில் வகைகளைப் பார்ப்போம்.

நெக்பேண்ட்: இந்தப் பட்ஜெட்டில் பெரும்பாலானோருக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பது இதுதான். சுமார் 700 முதல் 1,500 ரூபாய் வரை. பேட்டரி பெரியது, கழுத்தில் கிடப்பதால் தொலையாது, அழுத்துவதற்கு நிஜமான பட்டன் இருக்கும். மைக் காலர் எலும்பு பக்கம் வருவதுதான் இதன் குறை. சட்டைக் காலர், துப்பட்டா, புடவைத் தலைப்பு உரசினால் எதிர்முனையில் சரசரவென்று கேட்கும். மைக் ஓட்டை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கண்டுபிடித்து, துணிக்கு மேலே வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒற்றைக் காது ஹெட்செட்: பழைய மாடல் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடையில் நிற்பவர்களுக்கும் ஆட்களை வைத்து வேலை வாங்குபவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஒரு காது போனுக்கு, இன்னொரு காது கடைக்கு.

டி.டபிள்யூ.எஸ். பட்ஸ் (நடுவில் வயரே இல்லாமல் காதுக்கு ஒன்றாகச் செருகுவது): அமைதியான அறையில் சரி. தெருவில் பேச, இந்த விலையில் இது எங்கள் கடைசிப் பரிந்துரை. தண்டு நீண்ட மாடல், உருண்டை மாடலைவிட மேல். காரணம் அதே கணக்குதான், தண்டின் நுனியில் இருக்கும் மைக் வாய்க்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது.

தலைமேல் மாட்டும் கம்பி மைக் ஹெட்செட்: பேச்சுத் தரத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் வயர்லெஸில் நல்லது வேண்டுமானால் பெரும்பாலும் 2,000 ரூபாயைத் தாண்டிவிடும். தெருவில் மாட்டிக்கொண்டு நடக்கவும் ஒரு மாதிரி இருக்கும். வீட்டு வேலைக்கு ஓகே.

வயர் ஹெட்செட் போதாதா?

பலருக்குப் போதும். சொன்னால் எங்கள் வியாபாரம்தான் கெடும், இருந்தாலும் சொல்கிறோம். 400 ரூபாய் கம்பெனி வயர் இயர்போன், 1,500 ரூபாய் பட்ஸைவிடக் குரலைத் தெளிவாக எடுக்கும். நடுவில் ப்ளூடூத் சுருக்கல் இல்லை, சார்ஜும் தேவையில்லை. போனில் 3.5 மி.மீ. ஓட்டை இல்லாவிட்டால் டைப்-சி இயர்போன் கிடைக்கிறது. ஓரிடத்தில் உட்கார்ந்து பேசுபவர் ஏன் வயர்லெஸுக்குச் செலவு செய்ய வேண்டும் என்று ஒரு முறை யோசித்துவிட்டு வாருங்கள்.

பாட்டு அருமையாகக் கேட்கிறது. போன் வந்தால் மட்டும் பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது. பீஸ் கோளாறா?

இல்லை. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. பாட்டு ஒரு திசையில் மட்டும் வருவதால் நல்ல தரத்தில் வரும். பேச்சு போகவும் வேண்டும் வரவும் வேண்டும், அதுவும் தாமதமில்லாமல். அதனால் அழைப்பு வந்ததும் ஹெட்செட் 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்ற வழிக்கு மாறிக்கொள்கிறது.

அந்த வழியிலும் இரண்டு தரம் உண்டு. பழையது சி.வி.எஸ்.டி. குரலை நொடிக்கு 8,000 முறைதான் அளந்து மாதிரி எடுக்கும், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அதில் வராது. புதியது எம்.எஸ்.பி.சி. இது 16,000 மாதிரிகள் எடுக்கும். போன், ஹெட்செட் இரண்டுமே இதை ஆதரித்தால்தான் வேலை செய்யும். பெட்டியில் 'எச்.டி. வாய்ஸ்' அல்லது 'வைட்பேண்ட்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஏ.ஏ.சி., எல்.டி.ஏ.சி. என்று பெரிதாகப் போட்டிருப்பதெல்லாம் பாட்டுக்கு, சாதாரண போன் அழைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த வித்தியாசம் எங்கே இடிக்கும் என்றால், தம்பு செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸில் இருப்பவர் கன்டெய்னர் நம்பரைப் போனில் சொல்லும்போது இடிக்கும். கன்டெய்னர் நம்பர் என்பது நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டுகிற அந்தச் சீறல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. பழைய வழியில் அது வெட்டுப்பட்டுப் போய்விடும், இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். நல்ல வேளையாக, அந்த நம்பரின் கடைசி இலக்கம் மற்ற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. தப்பாகப் பதிந்தால் கணினியே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். மீன் ஏலத்தில் அப்படி ஒரு காவலன் கிடையாது. 'ஐந்நூறு' என்று சொன்னது 'எண்ணூறு' என்று கேட்டால் கேட்டதுதான்.

இன்னொன்று, உங்கள் சிம்மில் வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க் 2ஜி-க்கு இறங்கியிருந்தால் எந்த ஹெட்செட் மாட்டினாலும் குரல் குறுகித்தான் வரும்.

ஈ.என்.சி., ஏ.என்.சி. இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பத்தை வைத்தே நிறைய விற்கிறார்கள்.

ஏ.என்.சி. உங்கள் காதுக்கானது. வெளிச் சத்தத்துக்கு எதிரான ஒலியை உண்டாக்கி, உங்களுக்குக் கேட்காமல் செய்கிறது. ஈ.என்.சி. எதிர்முனையில் இருப்பவர் காதுக்கானது. உங்கள் மைக்கில் விழும் சுற்றுச் சத்தத்தைக் குறைத்து அனுப்புகிறது. பேசுவதற்கு வாங்குபவர் இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும். ஏ.என்.சி.க்காக 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, "இன்னும் லாரி சத்தம் கேட்குதுன்னு சொல்றாங்களே" என்று வந்து நிற்பவர்கள் உண்டு.

ஈ.என்.சி.க்கு குறைந்தது இரண்டு மைக்காவது இருந்தால் நல்லது. ஒன்று குரலை எடுக்கும், இன்னொன்று சுற்றுச் சத்தத்தை எடுக்கும், சிப் இரண்டையும் ஒப்பிட்டுக் கழிக்கும். 'குவாட் மைக்' என்று போட்டிருந்தால் ஒரு காதுக்கு இரண்டு என்று அர்த்தம், நான்கும் ஒரே நேரத்தில் உங்கள் வாயைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

எந்தச் சத்தத்துக்கு ஈ.என்.சி. நன்றாக வேலை செய்யும்? ஒரே மாதிரி ஓடுகிற சத்தத்துக்கு. ஃபேன், ஏ.சி., ஜெனரேட்டர், மெட்ரோ சுரங்கத்தில் ரயில் ஓடும் இரைச்சல். சரியாக வேலை செய்யாதது எது? திடீர் ஹாரன், பக்கத்தில் இருப்பவர் பேச்சு, காற்று. பக்கத்தில் பேசுபவர் குரலும் குரல்தானே, அதை எப்படிக் கழிக்கும்? காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு நடுவே நின்றுகொண்டு எந்த 1,500 ரூபாய் ஹெட்செட்டாலும் உங்கள் குரலை மட்டும் அனுப்ப முடியாது. அங்கே கம்பி மைக்தான் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கும். இல்லாவிட்டால் ஐஸ் லாரிக்குப் பின்னால் போய் நின்று பேசுங்கள், அதுவும் ஒரு ஈ.என்.சி.தான்.

ப்ளூடூத் 5.3 என்றால் 5.0-வைவிட நன்றாகக் கேட்குமா?

குரலுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பேட்டரிச் சிக்கனமும் இணைப்பின் உறுதியும் கொஞ்சம் கூடலாம். இந்த எண்ணுக்காகக் காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

போனை வலது பேன்ட் பாக்கெட்டில் வைத்தால் விட்டு விட்டுக் கேட்கிறது. ஏன்?

ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த அலையை நீர் உறிஞ்சிக்கொள்ளும், நம் உடம்பில் பெரும்பகுதி நீர். ஹெட்செட்டின் ஆன்டெனா இடப்பக்கமும் போன் வலப்பக்கப் பின்பாக்கெட்டிலும் இருந்தால் நடுவில் நீங்கள் முழுதாக நிற்கிறீர்கள். போனைச் சட்டைப் பையிலோ ஹெட்செட் இருக்கும் பக்கத்திலோ மாற்றி வைத்துப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 10 மீட்டர் என்பது வெட்டவெளிக் கணக்கு, நடுவில் ஒரு சுவர் வந்தாலே குறைந்துவிடும்.

'40 மணி நேரம்' என்று போட்டிருந்தது. எனக்கு நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது!

பட்ஸ் என்றால் அந்த 40 மணி நேரம் சார்ஜிங் பெட்டியில் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுவதையும் சேர்த்த கணக்கு. அதுவும் பாட்டுக்கு, பாதி வால்யூமில். பேசும்போது மைக், ஈ.என்.சி. சிப், இரு பக்கமும் போய் வரும் சிக்னல் எல்லாம் சேர்ந்து கூடுதலாகக் குடிக்கும். சின்ன எழுத்தில் 'டாக் டைம்' என்று தனியாகப் போட்டிருந்தால் அதை மட்டும் படியுங்கள். ஒரு பட்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 50 எம்.ஏ.எச். பேட்டரி. நெக்பேண்டில் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். நாள் முழுக்கப் பேசுபவர்களை நாங்கள் நெக்பேண்டுக்குத் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்ஸ்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் மாட்டிப் பேசுங்கள், மற்றது பெட்டியில் சார்ஜ் ஏறட்டும், தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது வரும் மாடல்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தனித்தனியாக வேலை செய்யும். வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் கூட வந்த வேகமான சார்ஜரில் போடலாமா?

போடலாம். 65 வாட் சார்ஜராக இருந்தாலும் ஹெட்செட் தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளில் போட்டால் சார்ஜே ஏறாது, "டெட் பீஸ் கொடுத்துட்டீங்க" என்று வருவார்கள். மலிவு ஹெட்செட்களில் சிலவற்றில், நான் இங்கே இருக்கிறேன் என்று சார்ஜருக்குத் தெரிவிக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். சார்ஜர் மின்சாரமே விடாது. ஒரு முனை பழைய செவ்வக யு.எஸ்.பி., மறுமுனை டைப்-சி இருக்கிற கேபிளில் போடுங்கள், ஏறும்.

கால் வருகிறது, எடுக்கிறேன். சத்தம் போனிலேயே கேட்கிறது, ஹெட்செட்டில் வரவில்லை.

அனேகமாக நான்கில் ஒன்றாக இருக்கும்.

கையில் 'காலிங்' வாட்ச் கட்டியிருக்கிறீர்களா? அதுவும் ஒரு ப்ளூடூத் ஹெட்செட்தான். அழைப்பை அது பிடுங்கிக்கொண்டு போய்விடும். போனின் ப்ளூடூத் பட்டியலில் வாட்சுக்குப் போய் 'போன் கால்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள், நேரம் காட்டுவதும் அறிவிப்பும் அப்படியே இருக்கும். சமீபமாக இந்தப் புகார்தான் அதிகம்.

ஹெட்செட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொட்டு, அங்கே 'போன் கால்ஸ்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 'மீடியா' மட்டும் ஆனில் இருந்தால் பாட்டு வரும், பேச்சு வராது.

போனில் விரலால் தொட்டு எடுத்தால் சில போன்கள் சத்தத்தைப் போனிலேயே விட்டுவிடும். ஹெட்செட் பட்டனை அழுத்தி எடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டச் என்று போனால் 'கால் ஆடியோ ரூட்டிங்' இருக்கும், அதில் ப்ளூடூத் ஹெட்செட் என்று வைத்துவிடலாம்.

வாட்ஸ்அப் காலில் மட்டும் இப்படி என்றால், பேசும்போது திரையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் எதற்கும் மசியவில்லை என்றால் போனில் 'ஃபர்கெட்' கொடுத்து, ஹெட்செட்டை ரீசெட் செய்து, புதிதாக இணையுங்கள்.

ஆபீஸ் போன் ஒன்று, சொந்த போன் ஒன்று. இரண்டுக்கும் ஒரே ஹெட்செட்?

'மல்ட்டிபாயின்ட்' அல்லது 'டூயல் டிவைஸ்' என்று போட்டிருக்க வேண்டும். இரண்டு போனையும் நினைவில் வைத்துக்கொள்வது வேறு, ஒரே நேரத்தில் இரண்டிலும் இணைந்திருப்பது வேறு. வாங்கும்போதே இரண்டு போனையும் கொண்டுவந்து இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் போட்டுப் பாருங்கள். ஒரே போனில் இரண்டு சிம் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

டச் நல்லதா, பட்டன் நல்லதா?

பட்டன். கை ஈரம், எண்ணெய், ஐஸ் தண்ணீர் இருக்கிற தொழிலுக்குக் கட்டாயம் பட்டன். டச் பட்ஸில் ஜிமிக்கி ஆடிப் பட்டாலும், ஹிஜாபைச் சரிசெய்யும்போது விரல் பட்டாலும் கால் கட்டாகிவிடும். ஆப் இருந்தால் டச்சை அணைத்துவிடுங்கள்.

கடையிலேயே எப்படிச் சோதித்து வாங்குவது?

காதில் வைத்துப் பாட்டுக் கேட்டுப் பார்ப்பது சோதனையே இல்லை. கூட வந்தவரைப் போனோடு கடைக்குள்ளேயே நிறுத்திவிட்டு, நீங்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ரோட்டு ஓரத்துக்குப் போங்கள். டி.எச். ரோட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து கால் போட்டு, அவருக்குத் தெரியாத நம்பர்களைப் படியுங்கள். எதிரே நிற்கும் வண்டிகளின் பதிவெண் போதும், எழுத்தும் இலக்கமும் கலந்து இருக்கும். அவர் எழுதிக்கொள்ளட்டும். உள்ளே வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மைக் இருக்கும் பக்கம் கழுத்தைத் திருப்பிப் பேசுங்கள், நடந்துகொண்டே பேசுங்கள், துணி உரசுகிறதா என்று கேளுங்கள். அப்புறம் ஆட்களை மாற்றி நீங்கள் உள்ளே நின்று கேளுங்கள்.

டெமோ பீஸ் தர மறுக்கும் கடையும் உண்டு. சீல் உடைக்க முடியாது என்பார்கள், அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. அப்போது தெரிந்தவர் யாராவது அதே மாடல் வைத்திருந்தால் அவரை வெளியே போய் உங்களுக்குக் கால் போடச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் நாட்கள் முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். அங்கே ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பெரும்பாலோர் பேஸைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள். விமர்சனங்களில் 'மைக்', 'கால்' என்று தேடிப் படியுங்கள்.

பர்மா பஜாரிலோ பிளாட்ஃபாரத்திலோ வாங்கலாமா? அங்கே பெரிய கம்பெனி பட்ஸ் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறதே.

கிடைக்கிறது. அது அந்தக் கம்பெனிப் பொருள் என்று எண்ணி வாங்காதீர்கள், அவ்வளவுதான். பர்மாவிலிருந்து வந்தவர்கள் 1969-இல் தொடங்கிய கடைவீதி அது, நாணயமாக வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பாட்டுக்கு ஆறு மாதம் ஓடினால் லாபம் என்று வாங்குபவர் வாங்கட்டும். பேசுவதற்கு வேண்டாம். காப்பி அடிப்பவர்கள் வடிவத்தை அப்படியே அடித்துவிடுவார்கள், மைக்கிலும் ஈ.என்.சி. சிப்பிலும்தான் கை வைப்பார்கள். போனில் இணைத்தால் அசல் போலவே படமெல்லாம் காட்டும், அதை நம்பாதீர்கள்.

இந்தியாவில் விற்கும் வயர்லெஸ் ஹெட்செட்டுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியிலோ பொருளிலோ 'ஆர்' எழுத்தில் தொடங்கும் ஒரு பதிவு எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வந்துவிடும். எண்ணே இல்லையென்றால் பேட்டரிக்கும் சார்ஜிங்குக்கும் யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தம். காதில் மாட்டுகிற லித்தியம் பேட்டரி அது. பில்லும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாரன்டி கிடையாது.

ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. மாற்ற வேண்டுமா?

பத்துக்கு எட்டுப் பேருக்கு இது காதழுக்கு. இப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் உண்மை. ரப்பரைக் கழற்றுங்கள், உள்ளே நுண்ணிய வலை தெரியும். வலை கீழ்நோக்கி இருக்கப் பிடித்துக்கொண்டு உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டித் தட்டித் துடையுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாக, சொட்டாத அளவுக்குத் தொட்டுத் துடைக்கலாம். ஊசியால் குத்தாதீர்கள், குறிப்பாக மைக் ஓட்டையில். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் அதோடு முடிந்தது.

கடலோரத்தில் வீடு. சார்ஜிங் பின் பச்சையாகிவிடுகிறது.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் பட்ஸில் இதை அடிக்கடி பார்க்கிறோம். உப்புக் காற்று, காதோர வியர்வை இரண்டும் பின்னில் படிகின்றன. அப்படியே பெட்டியில் வைத்தால் மின்சாரம் பாய்கிறது, உலோகம் அரிக்கிறது. பெட்டியில் வைப்பதற்கு முன் பட்ஸை வேட்டி ஓரத்திலாவது துடைத்துவிட்டு வையுங்கள். பச்சை பிடித்துவிட்டால் மேலே சொன்ன ஆல்கஹால், அல்லது பள்ளிப் பிள்ளைகளின் மென்மையான அழிரப்பர் கொண்டு லேசாகத் தேய்த்தால் போகும்.

ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும், ஐபிஎக்ஸ்5 என்றால் குழாய்ப் பீச்சலைத் தாங்கும். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்தவை, கடல் தண்ணீருக்குப் பொருந்தாது. பெரும்பாலான மாடல்களில் பட்ஸுக்குத்தான் இந்தத் தரம், பெட்டிக்குக் கிடையாது. நவம்பர் மழையில் நனைந்த பட்ஸை அப்படியே பெட்டியில் போட்டு மூடுவதுதான் அதைக் கெடுக்கும் நிச்சயமான வழி.

வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் மாட்டிப் பேசலாமா?

நாங்கள் விற்கிற பொருள்தான், இருந்தாலும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது அபாயகரமான ஓட்டுதலோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. "கையில்தானே பிடிக்கக் கூடாது, காதில் மாட்டலாமே" என்று வாதம் செய்பவர்கள் வருகிறார்கள். மணலி ரோட்டிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் பின்னால் வருவது 40 அடி கன்டெய்னர். இடப்பக்கம் ஏறி வரும் டிரெய்லரை முதலில் காதுதான் கவனிக்கும், கண்ணாடி அப்புறம்தான். பேச்சில் மனம் போனால் காது திறந்திருந்தும் பிரயோசனம் இல்லை.

டெலிவரி தம்பிகளுக்கு: வாடிக்கையாளர் அழைத்தால் ஓரம் கட்டிப் பேசுங்கள். ஓடும் வண்டியில் காற்று மைக்கை அடிப்பதில் அவருக்கு எப்படியும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. மேப் சொல்லும் வழியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு காதில் மட்டும், குறைந்த சத்தத்தில்.

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது இரண்டு காதையும் கழற்றிவிடுங்கள். கடப்பதே சட்டப்படி குற்றம், அது தனிக் கதை. மின்சார ரயில் கிட்டே வரும் வரை அவ்வளவு சத்தம் போடாது.

நாள் முழுக்க மாட்டினால் காது போய்விடுமா? கதிர்வீச்சு?

ப்ளூடூத் ஹெட்செட் வெளிவிடும் சக்தி பெரும்பாலும் 2.5 மில்லிவாட்டுக்குள். போனையே காதில் ஒட்டிப் பேசுவதைவிட இது மிகக் குறைவு. பயப்பட வேண்டியது வால்யூமுக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்தான். தெருச் சத்தத்தை மிஞ்ச நாம் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவதால்தான் ஆபத்து. ரப்பர் முனை காதுக்குச் சரியான அளவில் இருந்தால் சத்தம் குறைவாக வைத்தாலே கேட்கும். பெட்டியில் மூன்று அளவு தருவார்கள், நிறையப் பேர் மாட்டி வந்ததையே வைத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் காது அடைத்தே இருந்தால் பூஞ்சைத் தொற்று வரலாம். அரிப்போ நீர்வடிதலோ இருந்தால் கழற்றி வைத்துவிட்டு காது டாக்டரைப் பாருங்கள். இன்னொருவர் பட்ஸை வாங்கி மாட்டாதீர்கள், வீட்டுக்குள்ளேயும்கூட.

வீட்டிலிருந்து கஸ்டமர் கேர் வேலை. லேப்டாப்புக்கு எது?

கம்பி மைக் இருக்கும் யு.எஸ்.பி. ஹெட்செட். வயர்லெஸ்தான் வேண்டும் என்றால் தன் கூடவே ஒரு குட்டி யு.எஸ்.பி. டாங்கிள் தரும் மாடல். லேப்டாப்பின் சொந்த ப்ளூடூத்தை நம்பினால் மைக் ஆன் ஆனதுமே ஒலி பழைய 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' தரத்துக்கு இறங்கிவிடும். கம்பியில் 'மியூட்' பட்டன் இருப்பதாகப் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

ஒரு பக்க பட்ஸ் தொலைந்துவிட்டது. ஒன்று மட்டும் கிடைக்குமா?

சில கம்பெனிகளின் சர்வீஸ் சென்டரில் கிடைக்கும், விலை பாதிக்கு மேல் சொல்வார்கள். பேச மட்டும்தான் என்றால் மிச்சம் இருக்கிற ஒன்றையே ஒற்றைக் காது ஹெட்செட்டாக வைத்து ஓட்டுங்கள். அந்த ஒன்றைக் கழித்துக் கொடுத்துவிட்டு வேறு வாங்குகிறேன் என்று கேட்காதீர்கள், யாரும் எடுக்க மாட்டார்கள்.

பேட்டரி போனால் மாற்றித் தருவீர்களா?

நெக்பேண்ட் என்றால் பெரும்பாலும் முடியும், சில நூறு ரூபாயில் முடியும் வேலை. பட்ஸ் என்றால் பசை போட்டு மூடியிருப்பார்கள், திறந்தால் உடையும். செலவுக்குக் கட்டுப்படியாகாது. செத்ததைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அது நேராகக் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போகும், லாரியில் நசுங்கினாலே லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல்தான் வைத்திருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாது என்றால் எங்கள் கவுன்டர் ஓரத்தில் நீல டப்பா இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கியதானாலும் போட்டுவிட்டுப் போங்கள்.